கரடி இல்லாத மலையில் நீல டிரம்

அவருடைய கணக்கில் டூத் பேஸ்ட்டும் சாப்பாடுதான். சோப்பு, இருமல் மிட்டாய், முகத்துக்குப் பூசும் கிரீம், தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், எல்லாமே சாப்பாடு. மணக்கிற எதையும் தின்ன ஏதாவது ஒன்று வந்தே தீரும் என்பது அவர் கட்சி. எங்களோடு முதன்முதலாக மலைக்கு வந்த அன்று, பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு நீல டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கூடாரமாக வந்து நின்றார். பேருந்தில் நடத்துநர் டிக்கெட்டுக்கு நீட்டுவதுபோல் கையை நீட்டினார்.

"பேஸ்ட் குடுங்க சார்."

"இன்னும் பல் தேய்க்கலையே."

"தேய்ச்சிட்டுக் குடுங்க. நிக்கிறேன்."

நான் தேய்த்து முடிக்கும்வரை நின்றார். வாங்கி டிரம்முக்குள் போட்டார். பிறகு என் சட்டைப் பையை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அதுவும்" என்றார். பையில் இருந்தது ஒரே ஒரு ஏலக்காய்.

இது நடந்தது இரண்டாயிரத்துகளின் நடுவில். நான் துபாயில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். விடுமுறை கிடைத்தால் நாங்கள் நாலைந்து பேர் ராஸ் அல் கைமா பக்கத்து மலைகளில் நடக்கப் போவோம். கூட்டிப் போகிறவர் சேவியர். குளச்சல்காரர், ஏசி டெக்னீஷியன். அவர் மனைவி ஸ்டெல்லா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மலையில் எங்கே ஏறுவது என்பதை சேவியர் முடிவுசெய்வார். எப்போது இறங்குவது என்பதை ஸ்டெல்லா முடிவுசெய்வாள்.

அன்று சேவியரின் கருவாட்டுப் பொட்டலமும் டிரம்முக்குள் போனது. சேவியருக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணே, இந்த நாட்டுல கரடியே கெடையாது, கேட்டியளா?"

"தெரியும்ங்க."

"பொறவு எதுக்கு இந்த டிரம்மு?"

"கரடி இல்லைன்னு எனக்குத் தெரியும்ங்க. என் பழக்கத்துக்குத் தெரியாதுங்களே."

ஆலிவ் ஊறுகாய் வந்து இறங்கிய டிரம் அது. திருகு மூடி, மூடியைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். சமைக்கிற இடம் ஒன்று, படுக்கிற இடம் ஒன்று, டிரம் இருக்கிற இடம் ஒன்று. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே நூறு எட்டு. வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடப்பார். தொண்ணூற்றெட்டாவது எட்டில் ஒரு நல்ல சமதளம் இருந்தாலும் இரண்டு எட்டு தள்ளிப்போய்க் கல்லின் மேல்தான் வைப்பார். காலையில் டிரம்மைச் சுற்றிக் காலடித் தடங்கள் இருந்தன. எங்களைக் கூப்பிட்டு அவர் பெருமையடிக்கவில்லை. நாங்களாகப் போய்க் கேட்டபோது சொன்னார்: "நரிங்க. ஒண்ணுதான். ரெண்டு சுத்து சுத்தியிருக்கு."

டிரம்காரர் கோத்தகிரிப் பக்கத்துக்காரர். லிஃப்ட் மெக்கானிக். எனக்கு அவர் பழக்கமானதே லிஃப்டில்தான். அல்லது லிஃப்டுக்கு வெளியே. எங்கள் கட்டடத்து லிஃப்ட் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது, உள்ளே நான் மட்டும். அழைப்பு மணியை அடித்து ஓய்ந்த பிறகு மேலேயிருந்து ஒரு குரல் தமிழில் கேட்டது.

"பயப்படாதீங்க சார். கேபிள் அறாதுங்க. பதினெட்டு நிமிஷம் ஆகும்."

"நான் தமிழ்னு எப்படித் தெரியும்?"

"ஐயோன்னு கத்துனீங்களே."

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பதினெட்டு நிமிடத்தில் கதவு திறந்தது. 'ஒரு பத்து நிமிஷம்', 'இப்ப ஆயிடும்', அதையே அரபியில் 'யல்லா, கலாஸ்' என்று சொல்லியே ஒரு நாளை ஓட்டிவிடும் ஊரில் பதினெட்டு என்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்தக் கட்டடத்தின் ஏசி வேலை சேவியருடையது. இருவருக்கும் அங்கே பழக்கமாகி, லிஃப்ட்காரர் எங்களோடு மலைக்கு வந்தது அதன் தொடர்ச்சியாக நடந்தது.

பத்திரிகையில் இருப்பவனுக்கு இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் விடமாட்டான். ஊரில் அவர் வீட்டுக்குள் கரடி புகுந்த கதையை நான் அவரிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஆள் சொல்லச் சொல்லக் கதை வளரும் என்பது என் தொழில் அனுபவம். இவர் சொன்னதில் ஒரு அங்குலம் வளரவில்லை.

தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. அவருக்கு அப்போது பத்தொன்பது வயது, தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. சமையல்கட்டுக் கதவின் கீழ்ப்பலகையைப் பெயர்த்துக்கொண்டு கரடி உள்ளே வந்தது. நல்லெண்ணெய் டின்னைக் கடித்து ஓட்டை போட்டுக் குடித்தது. டின்னில் எண்ணெய் பாதிக்கு மேல் இரண்டு விரல் இருந்தது. கரடி போகும்போது வந்த வழியே போகவில்லை, கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போனது. அவ்வளவுதான். கரடி பெரியதா என்று கேட்டால், "முதுகுதாங்க பாத்தேன். முழுசாப் பாக்கலை" என்பார். உறுமியதா என்றால், "நான்தாங்க உறுமுனேன்" என்பார்.

கதவைச் சரிசெய்துவிட்டு ஃபேக்டரிக்குப் போக ஒரு மணி நேரம் தாமதம். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். "கரடி வந்துச்சுங்க" என்றார் இவர்.

"கரடி விடாதடா" என்றார் சூப்பர்வைசர்.

அரை நாள் ஆப்சென்ட் விழுந்தது. மறுநாள் கடிபட்ட டின்னை எடுத்துக்கொண்டுபோய் மேசைமேல் வைத்திருக்கிறார். சூப்பர்வைசர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடிச்சது நீ இல்லைன்னு நான் எப்படி நம்புறது?" என்று கேட்டாராம்.

இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு அவர், தான் பார்க்காத எதையும் யாரிடமும் சொன்னதில்லை என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். லிஃப்ட் ரிப்போர்ட்டில் 'மோட்டார் பழுது' என்று எழுதமாட்டார். 'மோட்டாரில் சத்தம் கேட்கிறது, மோட்டாரைத் திறந்து பார்க்கவில்லை' என்று எழுதுவார். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வதந்தி கிளப்பினார். அதுவும் உண்மையைச் சொல்லித்தான்.

துபாய் ஓரத்துச் சோனாப்பூரில் அவருடைய கம்பெனியின் தொழிலாளர் கேம்ப். ஒரு ரூமில் எட்டுப் பேர். அவர் தன் ரொட்டியையும் பேரீச்சம்பழத்தையும் ஒரு பையில் போட்டு, உத்தரத்துக் கொக்கியிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். மேல் கட்டில்காரர் பெஷாவர் பக்கத்து டிரைவர். சாப்பிட்ட தட்டை அப்படியே ஜன்னலோரம் வைத்துவிட்டுப் படுக்கிற வழக்கம் அவருக்கு. ஒருநாள் இவர் பொறுக்கமுடியாமல், தெரிந்த இந்தியில் சொன்னார்:

"பாயி, கானா பாஹர் மத் ரக்கோ. பாலு ஆயேகா."

சாப்பாட்டை வெளியே வைக்காதே, கரடி வரும் என்பது இதன் பொருள். இந்தியில் கரடிக்கு பாலு என்று பெயர். டிரைவர் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு தமிழ் ஆட்களுக்கு இந்தி அவ்வளவு வராது. கானா தெரியும், ஆயேகா தெரியும். பாலுவை நன்றாகவே தெரியும், அடுத்த ரூமில் இருந்தான். பரமக்குடிப் பக்கத்துப் பையன், சாரம் கட்டுகிறவன்.

இரண்டு நாளில் கேம்ப் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பாலு வந்தால் தட்டை மூடினார்கள். பாலு கிச்சனுக்குள் நுழைந்தால் ஆளாளுக்குத் தங்கள் சட்டியின் பக்கத்தில் போய் நின்றார்கள். விஷயம் என்னவென்று பாலுவுக்குத் தெரியவந்தபோது, அவன் நேராக இவர் ரூமுக்கு வந்தான்.

"யோவ், அடுத்தவன் சோத்தை நான் திங்கிறேன்னு ஊரெல்லாம் சொல்றியாமே! எப்பய்யா பாத்த?"

"நான் உங்களைச் சொல்லலைங்க. கரடியைச் சொன்னேன்."

"என்னையக் கரடிங்கிறியா?"

"இல்லைங்க. கரடியைத்தான் பாலுன்னு சொன்னேன்."

பாலு கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தானாம். இரண்டு வாக்கியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பெஷாவர் டிரைவரே எழுந்து இரண்டு கைகளையும் தூக்கி, நகத்தை விரித்து, உறுமிக் காட்டிய பிறகுதான் அந்த வழக்கு முடிந்தது. அதோடு விடாமல் இவர் கேம்பில் ஒவ்வொரு ரூமாகப் போய், "பாலுன்னா கரடிங்க. இந்தப் பாலு இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். பதினாறு ரூம். பாலுவையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார், ஆளைக் காட்ட.

அதற்குப் பிறகு பாலு அவரை விடவில்லை. எங்களோடு மலைக்கும் வர ஆரம்பித்தான். தலை நிறைய எண்ணெய் வைக்கிறவன்.

"தலையில எண்ணெயோட படுக்கக்கூடாதுங்க பாலு."

"தலையக் கழட்டி டிரம்முல போட முடியுமாண்ணே?"

அன்று ஸ்டெல்லா தன் பையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் தொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் பாலு எல்லா மலையிலும் பச்சைத் தொப்பியோடுதான் தூங்கினான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் நான்கு நாள் லீவு வந்தது. மேற்குப் பக்கம் ஏறி, மலையைக் குறுக்காகக் கடந்து, கிழக்கே திப்பா பக்கம் கடலில் இறங்குவது என்று சேவியர் திட்டம் போட்டார். வழியில் கடை கிடையாது. நான்கு நாளைக்கான சாப்பாடும் முதுகில்தான்.

இதற்கு எங்கள் எல்லோரையும்விட ஆசைப்பட்டவர் டிரம்காரர்தான். பெருநாள் முடிந்ததும் அவரை சவூதியிலுள்ள அல் கோபாருக்கு மாற்றுவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. இனி இந்த மலைப்பக்கம் வரப்போவதில்லை.

"எட்டு வருஷமா மேலயும் கீழயுமாத்தாங்க போயிட்டிருக்கேன்" என்றார் என்னிடம். "ஒரு தடவை இந்தப் பக்கத்துல ஆரம்பிச்சு அந்தப் பக்கத்துல முடிக்கணும் சார்."

புறப்படும்போது ஸ்டெல்லா ஒரே ஒரு விதி சொன்னாள். "சாப்பாட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த நிமிஷமே திரும்பணும். வெறும் வயித்தோட மலையில யாரையும் நான் தூக்க மாட்டேன். இதுல பேச்சே இல்ல." எல்லோரும் தலையாட்டினோம். அவர் மட்டும் டிரம்மின் வளையத்தை இன்னொரு முறை திருகிப் பார்த்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மலையுச்சிக்கு வந்துசேர்ந்தோம். ஆட்கள் விட்டுப்போன கல்வீடுகள் நான்கைந்து அங்கே இருந்தன. ஆட்கள் விட்டுப்போன கழுதைகளும் இருந்தன. ரோடும் பிக்கப்பும் வந்தபின் வேலையிழந்து, தலைமுறையாக மலையில் திரிகிறவை. பதினொன்று என்று எண்ணிச் சொன்னார். எங்கள் மூட்டைகளை அவை பார்த்த பார்வை நன்றாக இல்லை.

டிரம்மைத் தரையில் வைத்தால் கழுதைகள் உருட்டிவிடும். தொங்கவிட மரம் இல்லை. உச்சியின் கிழக்கு ஓரத்தில் பாறை குடையின் விளிம்புபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே மூன்று ஆள் ஆழத்தில் சரளைக்கல் சரிவு, சரிவுக்குக் கீழே கிழக்குப் பள்ளத்தாக்கு. விளிம்பிலிருந்து கயிறு கட்டி டிரம்மை இறக்கித் தொங்கவிட்டார். மேலேயிருந்து கழுதை எட்டாது, கீழேயிருந்தும் எட்டாது. நூறு எட்டு நடந்து வந்து படுத்தார்.

காலையில் கயிறு வரவில்லை.

விளிம்பில் இருந்த ஒரு வெடிப்பில் கயிறு இறங்கி இறுகிக்கொண்டுவிட்டது. சேவியர் இழுத்தார், பாலு இழுத்தான், நானும் இழுத்தேன். இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. டிரம் அந்தரத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே சரிவில் ஏழெட்டுக் கழுதைகள் வட்டமாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"கரடிகிட்ட இருந்து காப்பாத்தியாச்சு" என்றார் சேவியர். "கழுதைகிட்ட இருந்து காப்பாத்தியாச்சு. இப்ப நம்மகிட்ட இருந்தும் காப்பாத்தியாச்சு. நல்ல வேலைண்ணே."

"லிஃப்ட் மெக்கானிக்கோட லிஃப்டே நடுவுல நின்னுருச்சு!" என்று பாலு விழுந்து விழுந்து சிரித்தான்.

அவர் விளிம்புக்குப் போனார். குப்புறப் படுத்து வெடிப்பைப் பார்த்தார். பிறகு எழுந்து ஸ்டெல்லாவிடம் போனார். "தப்பு என்னுதுங்க சிஸ்டர். கயித்துக்கு அடியில சாக்கு போட்டிருக்கணும். போடலை."

ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒன்பது மணி வரைக்கும் பாருங்க அண்ணே. வரலைன்னா திரும்பறோம். வந்த வழி தெரிஞ்ச வழி. நேத்துப் பாத்த அந்த ஆட்டுக்காரர் வீடு வரைக்கும் சாப்பிடாமலே போயிரலாம். முன்னால என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

மணி எட்டு. அவர் கிழக்கே பார்த்தார். கடல் தெரியவில்லை. தெரியவேண்டிய இடத்தில் பனிமூட்டம் இருந்தது.

எட்டே முக்காலுக்கு பாலு ஒரு வழி கண்டுபிடித்தான். சாரக்காரன் இல்லையா, விளிம்பில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு நிற்பது அவனுக்குப் புதிதல்ல. பக்கவாட்டில் இறங்கி, கூடாரக் கம்பியைக் கயிற்றுக்கு அடியில் கொடுத்து நெம்பினால் கயிறு வெடிப்பை விட்டு எழும்பும். அந்த நேரம் மேலே இருப்பவர்கள் கயிற்றை இழுக்கவேண்டும். பாறையில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை அவர் கையில் சுற்றிக்கொண்டார். பின்னால் சேவியர், அதற்குப் பின்னால் நான்.

"நீங்க ரெண்டு பேரும் பிடிக்க வேண்டாம்ங்க. பதினஞ்சு கிலோதான். நான் சொல்றப்ப வந்தாப் போதும்" என்றார்.

பாலு நெம்பினான். கயிறு டப்பென்று எழும்பியது. அடுத்து நாங்கள் பார்த்தது கயிற்றின் நுனி எங்களைத் தாண்டி விளிம்புக்கு ஓடியதை. கீழே தொம் என்று ஒரு சத்தம். கழுதைகள் நாலாபக்கமும் சிதறின. நீல டிரம் சரிவில் ஒரு குதி குதித்து, உருண்டு, வாலாகக் கயிற்றை இழுத்துக்கொண்டு, கிழக்குப் பள்ளத்தாக்கின் அடிவரை போய் ஒரு திருப்பத்தில் நின்றது. இங்கிருந்து பார்க்க அது ஒரு மருந்து மாத்திரை அளவுக்கு இருந்தது.

கழுதைகள் திரும்பி வந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே நடக்கத் தொடங்கின.

"அண்ணே, கயிறு நழுவிருச்சா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பாடு அங்க இருக்குங்க சிஸ்டர்" என்றார்.

ஸ்டெல்லா மேற்கே பார்த்தாள், கிழக்கே பார்த்தாள். "வெறும் வயித்தோட மலையில நடக்கக்கூடாதுன்னுதான் என் ரூல்" என்றாள். "அப்ப சாப்பாடு இருக்கிற பக்கம்தான் போகணும். எறங்குங்க எல்லாரும். கழுதைக்கு முன்னால போகணும்."

இறங்க இரண்டு மணி நேரமாயிற்று. கழுதைகள் எங்களுக்கு முன்பே போய் டிரம்மைக் கடித்து, உதைத்து, ஒரு பக்கத்தைச் சப்பையாக்கியிருந்தன. மூடி திறக்கவில்லை. அவர், ஊர்க்காரர் ஒருவரைத் தட்டிக்கொடுப்பதுபோல் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திருகினார். உள்ளே எல்லாம் இருந்தது, ஆனால் தனித்தனியாக இல்லை. அவல், பொட்டுக்கடலை, பால்பவுடர், பருப்புப்பொடி, சேவியரின் கருவாடு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, எல்லாவற்றின் மேலும் ஐந்து பேருடைய டூத் பேஸ்ட்டும் பிதுங்கியிருந்தது.

"அண்ணன் சொன்னது சரிதான்" என்றான் பாலு, ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு. "பேஸ்ட்டும் சாப்பாடுதாண்ணே. உப்பு மட்டும் கம்மி."

இரண்டு நாள் அதைத்தான் தின்றோம். கருவாடு அவ்வளவு குளிர்ச்சியாக நான் அதற்கு முன்பும் பின்பும் தின்றதில்லை.

நான்காம் நாள் மதியம் கடலுக்கு வந்தோம். மீன்பிடிப் படகுகள் இரண்டு கரையில் கிடந்தன. சேவியர் ஒரு படகின் நிழலில் படுத்துவிட்டார். ஸ்டெல்லா மணலில் உட்கார்ந்து, காலில் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டே, எதுவும் நடக்காததுபோல் கேட்டாள்.

"இப்ப சொல்லுங்க அண்ணே. கயிறு நழுவுச்சா, நீங்க விட்டீங்களா?"

அவர் யோசித்தார். இது பார்க்காத விஷயம் என்று அவரால் சொல்லமுடியாது.

"கயிறு என் கையில இருந்துச்சுங்க சிஸ்டர். அப்புறம் இல்லைங்க."

இரண்டு வாக்கியம். அமைச்சக அறிக்கைகளையும் கம்பெனி மறுப்புகளையும் திருத்தியே வயதைக் கழித்தவன் நான். ஒரு பொய்கூட இல்லாமல், ஒரு விஷயத்தை இத்தனை சுத்தமாகச் சொல்லாமல் விட்ட வாக்கியங்கள் என் மேசைக்கு வந்ததில்லை.

ஸ்டெல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அல் கோபார்க்காரங்க பாவம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. காலணியைக் கழற்றி ஜோடியாக வைத்தார். பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக் கடலுக்குள் இறங்கினார். மடித்தது நனைந்த பிறகும் நிற்கவில்லை.

"ஆழமாண்ணே?" என்று பாலு கரையிலிருந்து கத்தினான்.

அவர் குனிந்து பார்த்தார்.

"இடுப்புக்கு நாலு விரல் கீழங்க" என்று பதில் வந்தது.